பப் எப்படி ஃபிளாட் ஆகிறது? இங்கிலாந்தின் நிலப் பயன்பாட்டு விதிகள்: ஓர் எளிய விளக்கம்

2015 ஏப்ரல் 6, ஈஸ்டர் திங்கட்கிழமை. லண்டனின் கில்பர்ன் பகுதியில், கார்ல்டன் வேல் சாலையிலிருந்த ‘கார்ல்டன் டாவர்ன்’ என்ற பப்பை நடத்திவந்தவரிடம், சரக்கிருப்பைக் கணக்கெடுக்க வேண்டியிருப்பதால் அன்று கடையைச் சாத்திவிடும்படி சொல்லப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 8ஆம் தேதி, இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. அக்கம்பக்கத்தார் திரண்டு வருவதற்குள் கட்டடத்தின் பெரும்பகுதி செங்கல் குவியலாகிவிட்டது. அந்த இடத்தில் 10 ஃபிளாட்டுகள் கட்ட உரிமையாளர் கேட்டிருந்த அனுமதியை அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றமான வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் மறுத்திருந்தது. கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ப்பதற்கான பரிசீலனையும் முடிவை நெருங்கியிருந்தது.

இங்கிலாந்தில் மூடிக் கிடக்கும் பப் ஒன்று இடிக்கப்பட்டு அடுக்ககம் எழும்போதெல்லாம் ஒரே மாதிரியான வாக்குவாதம்தான் நடக்கிறது. குடிக்க ஆளில்லை, அதனால் மூடினார்கள் என்கிறார் ஒருவர். அவரவர் சொத்து, அவரவர் இஷ்டம் என்கிறார் இன்னொருவர். பட்டியலில் இருந்த கட்டடத்தை எப்படித் தொடலாம் என்று கேட்கிறார் மூன்றாமவர். ஆனால் எந்தப் பட்டியல் என்பது பெரும்பாலும் அவருக்கே தெளிவாக இருப்பதில்லை. மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்பதால்தான் குழப்பம் தீராமல் இருக்கிறது. ஒரு பப் ஃபிளாட்டாக மாறுவதற்குப் பின்னாலுள்ள இயக்கத்தை, சட்டப் பின்னணி எதுவும் தெரியாதவருக்கும் புரியும்படி, அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், பப் என்பது எது?

பப் என்றதும் நம்மில் பலருக்கு நட்சத்திர விடுதியின் மங்கிய விளக்கும் இரைச்சலான இசையும் நினைவுக்கு வரும். இல்லையென்றால் டாஸ்மாக் பார். இரண்டும் பொருந்தாது. அந்தச் சொல்லின் முழு வடிவத்துக்குப் பொருள் ‘பொது வீடு’. தெரு மூலையில், வீடுகளோடு வீடாக நிற்கும் இரண்டு மாடிக் கட்டடம் அது. கீழே கூடம், மேலே பெரும்பாலும் நடத்துபவரின் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு, ஈமச் சடங்குக்குப் பிந்தைய கூடல், வினாடி வினா இரவு, கால்பந்து என எல்லாவற்றுக்கும் ஊரார் கூடும் இடம். குடியை முற்றிலும் கழித்துவிட்டுச் சொல்வதானால், நம் ஊர் டீக்கடை பெஞ்சும் சின்னதொரு சமூகக் கூடமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மூடும்போது ஊரே முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம்.

இனி வரும் விளக்கத்துக்கு இன்னொன்றும் முக்கியம். பழைய பப்புகள் பெரும்பாலும் மூலை மனையில், பின்னால் தோட்டமோ வண்டி நிறுத்தமோ வைத்து, தாழ்வான கட்டடமாக இருக்கும். கட்டுமானக்காரரின் கண்ணில் அது பாதி காலியான மனை.

பேருந்தும் பெர்மிட்டும்

தமிழ்நாட்டில் தனியார் பேருந்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். பேருந்து அவருடையது, ஆனால் எந்தத் தடத்தில் ஓட்டலாம் என்ற உரிமை அரசு கொடுத்தது. நல்ல தடத்தில் ஓடும் பழைய வண்டி கைமாறும்போது வாங்குபவர் பணம் கொடுப்பது தகரத்துக்கு அன்று, ரூட் பெர்மிட்டுக்குத்தான்.

இங்கிலாந்தின் நிலமும் அப்படித்தான். 1947ஆம் ஆண்டு இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம், நிலத்தைத் தனியாரிடமே விட்டுவிட்டு, அதில் புதிதாகக் கட்டும் உரிமையையும் பயன்பாட்டை மாற்றும் உரிமையையும் அரசின் கைக்கு மாற்றியது. அன்று முதல் ஒருவர் தன் மனையில் புதிதாகக் கட்டவோ, கடையை வீடாக்கவோ கவுன்சிலிடம் அனுமதி கேட்க வேண்டும். இதற்குத்தான் திட்ட அனுமதி என்று பெயர். ‘என் சொத்து, என் இஷ்டம்’ என்பது உள்ளே சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்ற அளவில் சரி. பப்பை ஃபிளாட் ஆக்குவதில் செல்லாது.

ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் விண்ணப்பம் என்றால் கவுன்சில் அலுவலகம் தாங்காது. எனவே சட்டம் இரண்டு தளர்வுகளை வைத்தது. கட்டடங்களைப் பயன்பாட்டின்படி வகைகளாகப் பிரித்து, ஒரே வகைக்குள் மாறினால் அனுமதி தேவையில்லை என்றது; இவை பயன்பாட்டு வகைகள். வேறு வகைக்குப் போவதாக இருந்தாலும் சில குறிப்பிட்ட மாற்றங்களுக்குப் பொதுவான ஒப்புதலை முன்கூட்டியே நாடு முழுவதற்கும் கொடுத்துவைத்தது. இதை முன்னனுமதி என்று அழைப்போம்.

இந்த முன்னனுமதியில்தான் நீண்ட காலம் பப்புகளுக்கு ஓட்டை இருந்தது. 2017 வரை, இங்கிலாந்தில் ஒரு பப்பைக் கடையாகவோ உணவகமாகவோ மாற்ற, பொதுவாக, திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பழைய பப் கட்டடங்களில் சூப்பர்மார்க்கெட்டின் சிறு கிளைகள் உட்கார்ந்திருப்பதை லண்டனில் எங்கும் பார்க்கலாம். அவற்றில் பல இந்த வழியாக வந்தவை. பப்பை இடிப்பதற்கும் முழு அனுமதி தேவைப்படவில்லை. கவுன்சிலுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, இடிக்கும் முறை பற்றி அது கேட்பதற்குப் பதில் சொன்னால் பெரும்பாலும் போதும். ஃபிளாட் கட்ட முழு அனுமதி வேண்டும், ஆனால் இருக்கும் பப்பை இடிக்க அது தேவையில்லை என்ற விசித்திரமான நிலை. இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டால், காப்பாற்ற அங்கே ஒன்றும் இல்லை என்று பிறகு வாதாடுவது எளிதல்லவா?

2017 மே 23 முதல் இந்த ஓட்டை அடைக்கப்பட்டது. இப்போது ஒரு பப்பை இடிக்கவும் வேறொன்றாக மாற்றவும் முறையான விண்ணப்பம் வேண்டும். 2020 செப்டம்பரில் பயன்பாட்டு வகைகள் மாற்றியமைக்கப்பட்டபோது பப்பை எந்தக் கூட்டத்திலும் சேர்க்காமல் தனி வகையாக நிறுத்தினார்கள். ஆகவே அது எதற்கும் சத்தமின்றி மாற முடியாது.

இதுவரை சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: இங்கிலாந்தில் நிலம் ஒன்று, அதன் பயன்பாட்டு உரிமை வேறொன்று. பப்பை ஃபிளாட் ஆக்க விரும்புபவர் உண்மையில் துரத்துவது அந்த இரண்டாவதை.

பணம் எங்கே இருக்கிறது?

குடிக்க ஆளில்லாமல்தான் பப்புகள் மூடுகின்றன என்ற பேச்சை இந்த இடத்தில் எடுத்துக்கொள்வோம். ஐக்கிய இராச்சியத்தில் 2000ஆம் ஆண்டு வாக்கில் 60,000 அளவில் இருந்த பப்புகள் இப்போது 45,000 அளவுக்கு இறங்கியிருக்கின்றன. 2007 ஜூலையில் இங்கிலாந்தில் உள்ளரங்கப் புகைபிடித்தலுக்குத் தடை வந்தது. சூப்பர்மார்க்கெட்டில் பியர் மலிந்தது. மக்களின் பழக்கமும் மாறியது. இவை எல்லாம் மெய். ஆனால் வியாபாரம் நன்றாக நடக்கும் பப்பும் ஏன் மூடுகிறது என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. விடை ஒரு கழித்தல் கணக்கில் இருக்கிறது.

கணக்கு புரிவதற்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு பப் ஆண்டுக்கு 40,000 பவுண்டு வாடகை தருகிறது. போட்ட பணத்துக்கு 8 சதவீத வருமானம் போதும் என்று நினைக்கும் முதலீட்டாளர் அதற்கு 5 லட்சம் பவுண்டு கொடுப்பார். இது நடப்புப் பயன்பாட்டு மதிப்பு. அதாவது இப்போது உள்ளபடியே தொடர்ந்தால் அந்தச் சொத்து பெறும் விலை.

அதே மனையில் 9 ஃபிளாட்டுகள் கட்டலாம், ஒவ்வொன்றும் 4,50,000 பவுண்டுக்கு விற்கும் என்று வைத்தால் மொத்த வரவு 40,50,000. கட்டுமானச் செலவு 19 லட்சம். கட்டட வடிவமைப்பாளர், வழக்கறிஞர், வட்டி, விற்பனைச் செலவு எல்லாமாக 5 லட்சம். கட்டுபவரின் லாபம் விற்பனை மதிப்பில் 18 சதவீதம் என்றால் 7,29,000. இவற்றைக் கழித்தால் மீதி 9,21,000 பவுண்டு. எல்லாம் போக நிலத்துக்கென்று எஞ்சும் இந்தத் தொகைக்கு எஞ்சு நில மதிப்பு என்று பெயர். கட்டுமானத் தொழிலில் நிலத்தின் விலை இப்படித்தான், பின்னாலிருந்து முன்னால், கணக்கிடப்படுகிறது.

புறவழிச்சாலை ஓரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோப்பு நன்றாகத்தான் காய்க்கிறது. ஆனால் மனை போட்டு விற்றால் வரும் தொகையின் முன் தேங்காய்க் கணக்கு எடுபடாது. தோப்பின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை.

மேலே நான் போட்ட கணக்கில் இரண்டு எண்கள் வந்தன: பப்பாக 5 லட்சம், அனுமதி கிடைத்த மனையாக 9 லட்சத்துக்கு மேல். அனுமதி இன்னும் கிடைக்காத நிலையில் அந்தச் சொத்து என்ன விலைக்குப் போகும்? கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவோ, அந்த அளவுக்கு 5 லட்சத்துக்கு மேலே ஏறும். நடப்பு மதிப்புக்கு மேல் வாங்குபவர் கொடுக்கும் இந்தக் கூடுதல் தொகைக்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர். என் பார்வையில் இந்த விஷயத்தில் புரிந்துகொள்ள வேண்டிய மையச் சொல் இதுதான். பப் நடத்த விரும்பும் ஒருவரால் பியர் விற்று ஈட்டுவதற்கு ஏற்ற விலைதான் கொடுக்க முடியும். எதிரே நிற்பவர் கொடுப்பதோ ஒரு நம்பிக்கைக்கான விலை. ஏலத்தில் முன்னவர் தோற்பார்.

வீடுகளின் எண்ணிக்கையை 9 என்று நான் எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. 2018 முதல் தேசியத் திட்டமிடல் கொள்கையின்படி, பொதுவாக 10 வீடுகளுக்குக் குறைவான திட்டங்களிடம் குறைந்த விலை வீடுகளுக்கான பங்களிப்பைக் கவுன்சில் கேட்கக் கூடாது. பப் மனைகளுக்கான விண்ணப்பங்களில் 9 என்ற எண் கண்ணில் பட்டால் அது தற்செயலாக இருக்க வேண்டியதில்லை.

ஏன் முதலில் பூட்டு விழுகிறது?

இடிப்பதற்கு வெகுநாள் முன்பே பப் மூடப்பட்டுவிடுகிறது. சன்னல்களுக்குப் பலகை அடித்து, பெயர்ப்பலகையின் வண்ணம் உரிய, ஒன்றிரண்டு ஆண்டுகள் அப்படியே கிடக்கும். இது தானாக நேர்வதாகத் தோன்றினாலும் இதற்கும் காரணங்கள் உண்டு.

ஒன்று, உடைமையின் வரலாறு. பழைய காலத்தில் பப்புகளில் பெரும்பகுதி பியர் வடிக்கும் நிறுவனங்களுடையவை. 1989இல் அரசு ஓர் ஆணையிட்டு, 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த பெரிய வடிப்பு நிறுவனங்களின் பிடியைத் தளர்த்தியது. நோக்கம் போட்டியைக் கூட்டுவது. நடந்தது வேறு: அவர்கள் விற்ற பப்புகளைத் திரட்டிக்கொண்டு, பியரே வடிக்காத, பப் கட்டடங்களை மட்டும் வைத்திருக்கும் பெரும் நிறுவனங்கள் முளைத்தன. கடன் வாங்கி வளர்ந்த அவை, 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு கடனை அடைக்கச் சொத்துகளை விற்கத் தொடங்கின. அவர்களுக்குப் பப் என்பது முதலில் மனை, அப்புறம்தான் மதுக்கூடம்.

அந்தப் பப்புகளை நடத்தியவர்கள் குத்தகைதாரர்கள். பலருடைய ஒப்பந்தத்தில் கட்டாயக் கொள்முதல் என்ற விதி இருந்தது: வாடகையும் கொடுக்க வேண்டும், பியர் பீப்பாய்களையும் உரிமையாளர் சொல்லும் இடத்தில், வெளிச்சந்தையைவிடக் கூடுதலான விலைக்கு, வாங்க வேண்டும். 2016இல் வந்த விதிமுறை, 500 அல்லது அதற்கு மேற்பட்ட இத்தகைய பப்புகளை வைத்திருக்கும் நிறுவனங்களின் குத்தகைதாரர்கள், குறிப்பிட்ட தருணங்களில், சந்தை வாடகை மட்டும் கொடுத்துவிட்டு இந்தக் கட்டிலிருந்து வெளிவரக் கேட்கலாம் என்றது. அதற்கு முன் கடை முழுக்க ஆளிருந்தும் கல்லாவில் காசில்லாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. அனுமதி கேட்கும்போது கவுன்சில் எழுப்பும் முதல் கேள்வி, இந்தப் பப் இனி நடக்கவே நடக்காதா என்பது. இதற்கு நடைமுறையில் பிழைக்கும் திறன் என்று பெயர்: தகுதியான எவர் கையில் கொடுத்தாலும் நியாயமான லாபத்தில் நடக்குமா என்ற சோதனை. இருந்த குத்தகைதாரர் அந்த ஒப்பந்தத்தில் தோற்றார் என்பதும், இந்தப் பப் யார் கையிலும் நடக்காது என்பதும் வெவ்வேறு விஷயங்கள். ஆனால் இரண்டு ஆண்டு பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைப் பார்க்கும் எவருக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

லண்டன் மாநகரத்தின் 2021 திட்டம் இதற்கு ஒரு தடை வைத்திருக்கிறது. பப்பை இழக்க அனுமதி கேட்பவர், அதைப் பப்பாகவே 24 மாதங்களாவது சந்தையில் வைத்தும் ஆள் வரவில்லை என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என்ன விலைக்குச் சந்தையில் வைத்தார்கள்? என் உதாரணத்தில் 5 லட்சம் பெறும் பப்பை 8 லட்சத்துக்கு விளம்பரம் செய்தால் எந்தப் பப்காரரும் கதவைத் தட்ட மாட்டார். பிறகு அந்த மௌனத்தையே சாட்சியாக எழுதலாம். நல்ல திட்ட அதிகாரி முதலில் பார்ப்பது விளம்பரத்தின் கால அளவை அன்று, அதிலிருந்த விலையை.

சுருக்கமாக: கட்டடத்தின் மேல் எதிர்பார்ப்பு மதிப்பு ஏறியதும் பப் நடத்துவோர் விலையில் வெளியேற்றப்படுகிறார்கள், கதவு மூடுகிறது, மூடிய கதவே, பப் தேவையில்லை என்பதற்கு ஆதாரமாகிறது.

இரண்டு பட்டியல்கள்

‘பட்டியலில் இருக்கிறது’ என்ற பேச்சுக்கு வருவோம். இங்கே இரண்டு பட்டியல்கள் உள்ளன. இரண்டையும் ‘பட்டியல்’ என்றே சொன்னாலும் வேலையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

முதலாவது, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியல். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு பரிந்துரைக்க, அமைச்சர் முடிவெடுக்கிறார். இங்கிலாந்தில் ஏறத்தாழ 4,00,000 பதிவுகள் இதில் உண்டு. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம் எனப்படும் கடைசிப் படியில் இருப்பவை. அந்தக் கடைசிப் படிகூட வலுவானதுதான்: உரிய ஒப்புதல் இல்லாமல் அத்தகைய கட்டடத்தை இடிப்பது குற்றம், சிறைத் தண்டனை வரை போகலாம். ஆனால் இது கட்டட அழகுக்கும் வரலாற்றுக்குமான காப்பு. உள்ளே பப்தான் நடக்க வேண்டும் என்று அது கேட்காது.

இரண்டாவது, 2011 உள்ளாட்சி அதிகாரச் சட்டம் உருவாக்கிய சமூக மதிப்புச் சொத்துகளின் பட்டியல். இது கவுன்சிலிடம் இருப்பது. வட்டாரத்தைச் சேர்ந்த 21 பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தாலே ஒரு பப்பின் பெயரை முன்மொழியலாம்; ஏற்கப்பட்டால் 5 ஆண்டு பட்டியலில் இருக்கும். அந்தக் காலத்தில் உரிமையாளர் விற்க முனைந்தால் முதலில் தெரிவிக்க வேண்டும். 6 வாரங்களுக்குள் உள்ளூர்க் குழு ஒன்று விருப்பம் சொன்னால், தெரிவித்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குப் பொதுவாக வேறு யாருக்கும் விற்க முடியாது. குழு பணம் திரட்டுவதற்கான அவகாசம் அது. அவ்வளவே! உரிமையாளர் அந்தக் குழுவுக்குத்தான் விற்க வேண்டும் என்றில்லை. அவர்கள் கேட்கும் விலைக்கு இறங்கி வரவும் வேண்டியதில்லை. நம் ஊரில் பங்காளிக்கு முதலில் சொல்லிவிட்டு நிலத்தை விற்பது போன்ற ஒரு மரியாதை, சட்டமாக எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டும் ஒரே பப்பில் சேர்ந்து வேலை செய்ததும் உண்டு. தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட் பகுதியில் உள்ள ‘ஐவி ஹவுஸ்’ 2012இல் மூடப்பட்டபோது, அது ஃபிளாட் ஆகிவிடும் என்று அஞ்சிய வட்டாரத்தார் முதலில் தேசியப் பட்டியலில் சேர்க்கவைத்துக் கட்டடத்தைக் காத்தார்கள். பின்னர் சமூக மதிப்புச் சொத்தாகப் பதிவு செய்யப்பட்ட நாட்டின் முதல் பப் ஆக்கி, 2013இல் 8,10,000 பவுண்டுக்குத் தாங்களே வாங்கினார்கள். பங்கு எடுத்தவர்கள் 371 பேர். கடனும் மானியமும் அதற்கு உதவின. கடைசியில் அவர்களும் கொடுத்தது சந்தை விலைதான் என்பதை மறக்கக் கூடாது.

இடித்த பிறகு என்ன?

கார்ல்டன் டாவர்ன் இடிக்கப்பட்ட நாளில் அது தேசியப் பட்டியலில் ஏறியிருக்கவில்லை. ஆகவே பட்டியலிட்ட கட்டடத்தை இடித்த குற்றம் அங்கே எழவில்லை. அனுமதியின்றிக் கட்டுவதோ, முன்பு சொன்ன முன்னறிவிப்புகூட இல்லாமல் இடிப்பதோ பொதுவாக விதிமீறல்தான், குற்றம் ஆகாது. அதைச் சரிசெய்யச் சொல்லிக் கவுன்சில் அனுப்பும் அமலாக்க அறிவிப்பை மீறினால்தான் குற்றம். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அந்த அறிவிப்பை அனுப்பியது. கேட்டது ஒன்றே ஒன்று: இடித்ததை, இருந்தபடியே, திரும்பக் கட்டு.

இப்படிக் கேட்பது அரிது. பெரும்பாலும் வருத்தத்தோடு முடியும். உரிமையாளர் மேல்முறையீடு செய்ய, 2016இல் பொது விசாரணை நடந்து, கவுன்சில் வென்றது. 1918இல் ஜெர்மன் குண்டு விழுந்து அழிந்த பழைய பப்புக்குப் பதிலாக, சாரிங்டன் என்ற வடிப்பு நிறுவனத்துக்காக 1920களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம் அது. பட்டியல் பரிசீலனைக்காக அதன் செங்கல்லும் ஓடும் ஏற்கெனவே விரிவாகப் பதிவாகியிருந்தன. அதே பரிசீலனை முடிவதற்கு முன் இடிக்கப்பட்ட கட்டடம், அதன் தாள்களை வைத்தே மீண்டும் எழும்பியது. 2023 ஆகஸ்டில் தீப்பிடித்து இரண்டே நாளில் இடிக்கப்பட்ட ஸ்டாஃபர்ட்ஷயரின் ‘குருக்கட் ஹவுஸ்’ பப்புக்கும் 2024 பிப்ரவரியில் இதே மாதிரியான அறிவிப்பு போனது.

ஆனால் அமலாக்க அறிவிப்பால் சுவரைத்தான் எழுப்ப முடியும்; உள்ளே நின்று பியர் ஊற்ற ஆளை நியமிக்க முடியாது. கட்டி முடித்த கார்ல்டன் டாவர்னைக் குத்தகைக்கு எடுக்கப் பப் நடத்துபவர்கள் சிலர் முன்வந்தார்கள். 2021 ஏப்ரல் 12 அன்று, இடிந்து ஆறு ஆண்டும் நாலு நாளும் ஆனபோது, கதவு திறந்தது. கொரோனா விதிகள் நடப்பில் இருந்ததால் அன்றைக்கு வாடிக்கையாளர்கள் வெளியேதான் உட்கார வேண்டியிருந்தது. ஓடுக்கு ஓடு பார்த்துக் கட்டிய அந்தக் கூடத்துக்குள் அமர்ந்து குடிக்க அவர்கள் இன்னும் ஐந்து வாரம் காத்திருந்தார்கள்.